‘40,000 புதிய வேலைகள்’ என்ற செய்தியை நம்பி ஊர் மாறலாமா?

கேள்வி: நான் ஒரு சிறு நகரத்தில் ஏழு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. எங்கள் நாட்டின் பெருநகரில் கடந்த ஓராண்டில் 40,000 வேலைகள் கூடியிருப்பதாகவும், இது 2 சதவீத வளர்ச்சி என்றும் செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து அங்கே குடிபெயர்வது பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அங்கேயே இருக்கும் என் தம்பி படிப்பை முடித்து எட்டு மாதமாகத் தேடியும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. முன்பு சொன்ன எண்ணைப் பிறகு திருத்திவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். புள்ளிவிவரம் பொய்யா, தம்பிதான் சரியாகத் தேடவில்லையா? நாங்கள் போகலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் தம்பி மேல் இருக்கும் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். எட்டு மாதம் அழைப்பு வராததற்கு அவருடைய முயற்சிக் குறைவுதான் காரணம் என்று உங்கள் கடிதத்தில் எதுவும் காட்டவில்லை. அந்த 40,000 என்ற எண்ணை யாரோ இட்டுக்கட்டினார்கள் என்று நினைக்கவும் காரணம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களோடு பழகுகிறவர்களுக்கு இது அடிக்கடி கண்ணில் படும் விஷயம். “அங்கே போனால் எனக்கு வேலை கிடைக்குமா?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். செய்தியில் வந்த எண்ணோ “போன ஆண்டு இருந்ததைவிட இப்போது எத்தனை வேலைகள் அதிகம்?” என்ற வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 40,000 என்பது 2 சதவீதம் என்றால் நகரத்தில் மொத்தம் சுமார் 20 லட்சம் வேலைகள் இருக்கின்றன. ஓராண்டில் 40,000 பேர் புதிதாக வேலையில் சேர்ந்தார்கள் என்றுதான் இதைப் பலரும் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் சேர்ந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு இருப்பார்கள். ஆட்கள் சேர்கிறார்கள், ராஜினாமா செய்கிறார்கள், ஓய்வு பெறுகிறார்கள், நீக்கப்படுகிறார்கள்; நிறுவனங்கள் மூடப்படுகின்றன, புதியவை தொடங்குகின்றன. சேர்ந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்து மிஞ்சுவதுதான் அந்த 40,000. அமெரிக்காவில் இந்தச் சேர்க்கையையும் வெளியேற்றத்தையும் தனியாகவே கணக்கெடுக்கிறார்கள். அங்கே மாதந்தோறும் சுமார் 50 லட்சம் பேர் ஏதாவது ஒரு வேலையில் சேர்கிறார்கள், ஏறத்தாழ அதே அளவு பேர் வெளியேறுகிறார்கள். தலைப்புச் செய்தியாக வரும் மாத அதிகரிப்போ, 2024 போன்ற ஓர் ஆண்டில் பெரும்பாலும் ஓரிரு லட்சத்தோடு நின்றுவிட்டது.

வேலை தேடுகிறவருக்கு அந்த 50 லட்சம்தான் முக்கியம். 2019இல் அமெரிக்காவில் நூறு வேலைகளுக்கு மாதம் ஏறத்தாழ நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். 2025இல் அது 3.3 அளவுக்கு இறங்கிவிட்டது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். உங்கள் 20 லட்சம் வேலை நகரத்தில் அதே மாற்றம் நடந்ததாக வைத்துப் பாருங்கள். முன்பு மாதம் 80,000 பேர் சேர்ந்திருப்பார்கள், இப்போது 66,000 பேர். ஆண்டுக்கு 1,68,000 வாய்ப்புகள் போய்விட்டன. ஆனால் இருக்கிற வேலையை விடுகிறவர்களும் அதே அளவு குறைந்திருந்தால் நிகர வளர்ச்சி துளியும் மாறாது. செய்தியில் அதே 40,000தான் வரும். நிறுவனங்கள் யாரையும் அனுப்புவதில்லை, யாரையும் எடுப்பதும் இல்லை. கூட்டம் குறையாத பேருந்தில் யாரும் இறங்காவிட்டால், நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு இடம் கிடைக்காது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

இந்த நிலைமையில் முதலில் அடிபடுவது புதிதாகப் படித்து முடித்தவர்கள். உங்கள் தம்பியின் எட்டு மாதத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இளைஞர்கள் இப்படிக் காத்திருப்பதை “மார்க்கெட் நன்றாகத்தானே இருக்கிறது” என்று ஒரு சதவீதத்தைக் காட்டி ஒதுக்குவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். குறை தன்னிடம்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டால், தேடுவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தியவர்கள் ‘வேலையற்றோர்’ கணக்கிலும் வருவதில்லை. ஏனென்றால் வேலையற்றவர் என்று எண்ணப்பட, வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை.

அடுத்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வேலைகளை எண்ண இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. நிறுவனங்களிடம் போய் “உங்கள் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர்?” என்று கேட்கலாம். வீடுகளுக்குப் போய் “போன வாரம் வேலை பார்த்தீர்களா?” என்று கேட்கலாம். நிறுவனக் கணக்கெடுப்பு வேலைகளை எண்ணுகிறது. ஒருவர் இரண்டு இடங்களில் வேலை பார்த்தால் இரண்டாகவே வரும். சொந்தத் தொழில் செய்பவர் அதில் வருவதே இல்லை. வீட்டுக் கணக்கெடுப்பு ஆட்களை எண்ணுகிறது. எத்தனை வேலை பார்த்தாலும் அவர் ஒருவர்தான். சொந்தத் தொழில்காரரும் உண்டு. ஆனால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, குறிப்பிட்ட வாரத்தில் ஊதியத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான். வாரம் ஆறு மணி நேரம் பொருள் டெலிவரி செய்பவரும், முழுநேரத் தணிக்கையாளரும் இங்கே சமம். அதனால்தான் ஆட்களின் எண்ணிக்கையோடு வேலை நேரத்தையும் ஊதியத்தையும் சேர்த்துப் பார்க்காமல் ‘வளர்ச்சி’ என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. வருங்கால வைப்பு நிதி, சமூகப் பாதுகாப்பு போன்ற பதிவேடுகளில் எத்தனை பெயர் சேர்ந்தது என்று எண்ணுவது. வேகமாகக் கிடைக்கும் என்பதால் செய்திகளில் இதுவே அதிகம் அடிபடுகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் கீழ் வருகின்றன. 19 பேர் இருந்த நிறுவனம் ஒருவரைப் புதிதாக எடுத்தால், பதிவேட்டில் இருபது பெயர்கள்வரை புதிதாகச் சேரலாம். கிடைத்த புதிய வேலை ஒன்றுதான். மீதிப் பேருக்கு நடந்தது பதிவு. அதுவும் நல்ல விஷயம்தான், அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் அது உங்களுக்கான காலியிடம் ஆகாது. மெக்சிகோ போன்ற நாட்டில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமைப்புசாரா வேலையில் இருப்பதால், சமூகப் பாதுகாப்புப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் நகரத்தில் பாதி கண்ணுக்கே தெரியாது. ஆகவே செய்தியில் ‘வேலைகள்’ என்று இருந்ததா, ‘வேலையில் இருப்போர்’ என்று இருந்ததா, ‘புதிய சந்தாதாரர்கள்’ என்று இருந்ததா என்று மறுபடி ஒருமுறை படியுங்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெருநகரச் செய்திகளில் “தொழில்முறை மற்றும் வணிகச் சேவைகள் துறையில் நல்ல வளர்ச்சி” என்று ஒரு வரி வரும். படித்தவுடன் வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள், மென்பொருள் பொறியாளர்கள் என்றுதான் மனத்தில் தோன்றும். அமெரிக்க வகைப்பாட்டில் அந்தத் தலைப்புக்குள் காவலாளிகள், கட்டடத் துப்புரவுப் பணியாளர்கள், கால் சென்டர் ஊழியர்கள், தற்காலிகப் பணியாளர் முகவர் நிறுவனங்கள் எல்லாம் அடக்கம். முகவர் வழியாக ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர்கூட உற்பத்தித் துறையில் எண்ணப்படாமல் இந்தத் துறையில்தான் எண்ணப்படுகிறார். எனவே இந்தத் துறை வளர்ந்தது என்பதை வைத்து உங்களைப் போன்றவர்களுக்குத் தேவை கூடியது என்று முடிவுகட்ட முடியாது. உட்பிரிவுக்குள் போய் ‘கணக்கு, தணிக்கை, வரி’ என்ற வரியைத் தேட வேண்டும்.

அதைக் கண்டுபிடித்தாலும் முழுப் படம் கிடைத்துவிடாது. நிறுவனக் கணக்கெடுப்பு வேலைகளைத் துறைவாரியாகப் பிரிக்கிறது, பணிவாரியாகப் பிரிப்பதில்லை. மருத்துவமனையில் கணக்கெழுதுபவர் சுகாதாரத் துறையில் வருவார், கட்டுமான நிறுவனத்தில் இருப்பவர் கட்டுமானத்தில் வருவார். கணக்காளர்கள் எல்லாத் துறைகளிலும் பரவிக் கிடக்கிறார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது பணிவாரிப் புள்ளிவிவரம். அது வேறு கணக்கெடுப்பில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, கொஞ்சம் தாமதமாக வரும். தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால் உங்கள் பணியில் எத்தனை பேர், இடைநிலை ஊதியம் (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது) எவ்வளவு என்ற விவரம் அங்கேதான் இருக்கும். சராசரி ஊதியத்தைவிட இடைநிலை ஊதியத்தைப் பாருங்கள். மேல்மட்டத்தில் சிலருடைய பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும்.

மொத்த வளர்ச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். நியூயார்க் நகரில் கொரோனாவுக்குப் பிந்தைய வேலை வளர்ச்சியில் பெரும் பங்கு, முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் வந்து கவனித்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர்களால் வந்தது. தேவையான வேலை, கடினமான வேலை, ஊதியமோ மிகக் குறைவு. அந்த வளர்ச்சியைக் காட்டி நிதித் துறையில் வேலை தேடும் ஒருவரை வரச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. உங்கள் 40,000இல் எவ்வளவு ஒரே ஒரு துறையிலிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பகுதி ஒரே ஒரு சிறிய துறை என்றால், மீதி நகரம் அந்த 2 சதவீதம் காட்டுவதைவிட மெதுவாகவே வளர்கிறது என்று பொருள்.

திருத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருத்துவதால் அந்த எண் பொய் என்று ஆகிவிடாது. ஒழுங்காக வேலை செய்யும் புள்ளிவிவர அலுவலகம் திருத்தத்தான் செய்யும். முதலில் வரும் எண், மாதிரியாக எடுத்த நிறுவனங்களில் அதுவரை பதில் அனுப்பியவர்களை வைத்துப் போட்டது. தாமதமாகப் பதில் வரும்போது எண் மாறும். புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களும் மூடப்பட்டவையும் மாதிரிக்குள் உடனே பிடிபடுவதில்லை என்பதால் அவற்றுக்கு ஒரு மதிப்பீடு சேர்க்கிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களையும் உள்ளடக்கிய வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2024 ஆகஸ்டில், அந்த ஆண்டு மார்ச் மாத வேலைகளின் எண்ணிக்கையை 8,18,000 குறைக்க வேண்டியிருக்கும் என்று முதற்கட்டமாக அறிவித்தது. இறுதியில் குறைத்தது சுமார் 6 லட்சம். திருத்தத்துக்கே ஒரு திருத்தம் வந்தது. 2025 ஆகஸ்ட் முதல் தேதி, மே, ஜூன் மாத எண்களைச் சேர்த்து 2,58,000 குறைத்தபோது, அதே நாளில் அந்த அலுவலகத்தின் தலைவர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். தவறை வெளிப்படையாகத் திருத்துவதற்குத் தண்டனை என்ற நிலை வந்தால், நாளைக்கு யார் திருத்துவார்கள்? நான் அஞ்சுவது திருத்தமே வராத எண்களைப் பார்த்துத்தான்.

ஒரு முழு நாட்டுக்கே இப்படி என்றால் ஒரு நகரத்துக்கு நிலைமை இன்னும் கடினம். நகரத்துக்குள் விழும் மாதிரியின் அளவு சிறியது, அதனால் பிழை வரம்பு பெரியது. பதில் தருவோரும் பல நாடுகளில் குறைந்து வருகிறார்கள். பிரிட்டனில் தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் பதில் தருவோர் 20 சதவீதத்துக்கும் கீழே போனதால், 2023 அக்டோபரில் அதன் முடிவுகளை வெளியிடுவதையே தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. அதனால், “இந்த மாதம் நகரத்தில் 1,500 வேலைகள் குறைந்தன” என்று செய்தி வந்தால் அதற்காகத் தூக்கம் கெடத் தேவையில்லை, கூடினால் கொண்டாடவும் வேண்டாம். அது வெறும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். ஒரு பெரிய வேலைநிறுத்தம்கூட எண்ணை அசைக்கும். அமெரிக்காவில் 2024 அக்டோபர் மாத வேலை அதிகரிப்பு என்று முதலில் வந்த எண் வெறும் 12,000. புயல்களோடு, போயிங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தமும் அதற்குக் காரணம். அந்தத் தொழிலாளர்கள் வேலையை இழக்கவில்லை. ஆனால் அந்த ஊதியக் காலம் முழுக்கச் சம்பளம் வாங்காததால் பட்டியலில் இல்லை.

பருவமும் அப்படித்தான். மெக்சிகோவில் டிசம்பர் தோறும் சமூகப் பாதுகாப்புப் பதிவேட்டில் லட்சக்கணக்கில் வேலைகள் குறையும், ஜனவரி முதல் மறுபடி ஏறும். எனவே மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுவதானால், பருவகால ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்த எண்ணா என்று பாருங்கள். இல்லையென்றால் போன ஆண்டின் இதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிடும்போதும் போன ஆண்டு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். லாஸ் வேகாஸில் 2020 ஏப்ரலில் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அங்கே வேலை வளர்ச்சி விகிதம் பிரமாதமாகத் தெரிந்தது, ஆனால் போனவை திரும்பி வந்துகொண்டிருந்தன, அவ்வளவே. ஐந்தாறு ஆண்டு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த மயக்கம் தீரும்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் வேலை 2 சதவீதம் கூடியபோது வேலை செய்யும் வயதினர் 3 சதவீதம் கூடியிருந்தால், ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதம் இதைக் காட்டிவிடும். அப்புறம், நிறுவனக் கணக்கெடுப்பு வேலை இருக்கும் இடத்தை வைத்து எண்ணுகிறது, வீட்டுக் கணக்கெடுப்பு ஆள் வசிக்கும் இடத்தை வைத்து எண்ணுகிறது. ‘நகரம்’ என்பது மாநகராட்சி எல்லையா, சுற்றியுள்ள பகுதிகளும் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். வளர்ச்சி முழுவதும் வெளிவட்டத்தில் நடந்திருந்தால், நீங்கள் வீடு தேட வேண்டிய இடமே மாறும்.

சரி, போகலாமா? அந்த 2 சதவீதத்தை மட்டும் நம்பி இரண்டு பேருடைய வேலையையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்காக யோசனையைக் கைவிடவும் சொல்லவில்லை. உங்கள் நிலைமையும் தம்பியின் நிலைமையும் ஒன்றல்ல. ஆள் எடுப்பது குறைந்திருக்கும் காலத்தில், எடுக்கிற சிலரையும் அனுபவம் உள்ளவர்களாகப் பார்த்துத்தான் நிறுவனங்கள் எடுக்கும். ஏழு ஆண்டு அனுபவம் இங்கே உங்களுக்குத் துணை. இப்போது இருக்கும் வேலையில் இருந்துகொண்டே அங்கே விண்ணப்பியுங்கள். ஆண்டுக் கணக்கு முடிப்பும் வரித் தாக்கலும் வரும் மாதங்களுக்குச் சற்று முன்பாகவே தொடங்குங்கள், உங்கள் தொழிலில் ஆள் தேவை கூடும் நேரம் அது. மூன்று நான்கு மாதத்தில் எத்தனை விண்ணப்பத்துக்கு எத்தனை அழைப்பு என்று குறித்து வையுங்கள். உங்கள் முடிவுக்கு எந்தத் தலைப்புச் செய்தியையும்விட அந்தக் குறிப்பு பயன்படும்.

உங்கள் மனைவியின் வேலைக்கு நகரத்தின் வேலை வளர்ச்சியோடு நேரடித் தொடர்பு குறைவு. ஆசிரியர் இடங்கள் மாணவர் எண்ணிக்கையையும் கல்விக்கான நிதி ஒதுக்கீட்டையும் பொறுத்தவை. வேலைகள் கூடும் பெருநகரங்களிலேயே பள்ளி வயதுக் குழந்தைகள் குறைந்துவரும் நிலைமை உண்டு, ஏனென்றால் வாடகை கட்டுப்படியாகாமல் குடும்பங்கள் வெளியே போய்விடுகின்றன. அவர் பார்க்க வேண்டியது மாணவர் சேர்க்கை எண்களை. அதோடு அவருடைய தகுதிச் சான்று அங்கே அப்படியே செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கல்வியாண்டு தொடங்கும் மாதத்தில் பள்ளி வேலைகள் கூடியதாக வரும் எண்ணை நம்ப வேண்டாம், விடுமுறையில் பட்டியலிலிருந்து விலகியவர்கள் திரும்பி வந்ததும் அதில் சேர்ந்திருக்கும்.

உங்களுக்கு வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டால், சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்பு அதில் கையெழுத்திட்டிருப்பது யார் என்று பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் நிறுவனமா, இடையில் இருக்கும் பணியாளர் முகவரா? முகவர் என்றால் ஒப்பந்தம் எத்தனை மாதம், முடிந்தபின் நிறுவனத்தின் நேரடிப் பட்டியலுக்கு மாறியவர்கள் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு வீட்டை மாற்றுவது பற்றிப் பேசலாம்.